ஓடியவனுக்குச் சாட்சி யார்?

பிழைப்பை நாடித் திருவனந்தபுரத்துக்கு வந்து சேர்ந்த தமிழருக்குக் கிழக்கேகோட்டை அறிமுகம் வேண்டாத இடம். ஒரு பக்கம் சாலைக் கடைத்தெரு. அங்கே நம்மவர் குரல் கேளாத நாளில்லை. மறுபக்கம் வெண்ணிறக் கோட்டைவாயில். அதனுள் நுழைந்து பத்மநாபசுவாமி கோயிலை நோக்கி நடந்தால், பத்மதீர்த்தக் குளத்தைப் பார்த்தவாறு நிற்கும் கருவேலப்புர மாளிகையின் முகப்பில் ஒரு பழைய கடிகாரத்தைக் காணலாம். மேத்தன் மணி என்பது அதன் பெயர். தாடி வைத்த ஒரு முகமும், அதன் இருமருங்கிலும் இரண்டு ஆட்டுக்கடாக்களும் அதில் அமைந்துள்ளன. மணி அடிக்குந்தோறும் முகம் வாய் திறக்கும். கடாக்கள் இரண்டும் கன்னங்களில் வந்து முட்டும். ஊரிலிருந்து வரும் குழந்தைகளை நாம் அழைத்துச் சென்று காட்டுவது இக்காட்சியைத்தான்.

இந்தக் கடிகாரத்தின் முன் நின்று ஒரு கேள்வியை எழுப்புவோம். ஒருவன் நெடுந்தொலைவை ஓடிக் கடந்து வருகிறான். காடும் மலையும் கடந்து தனியே வந்தவன். “இவ்வளவு தூரத்தை இவ்வளவு நேரத்தில் கடந்தேன், எனக்கு முன் எவரும் இவ்வளவு விரைவாகக் கடந்ததில்லை” என்று சொல்கிறான். உடன் சென்றவர் எவருமில்லை. அவன் சொல்லை எவ்வாறு மெய்ப்பிப்பது? இன்று இக்கேள்விக்கு விடையளிப்பவை வானில் சுழலும் செயற்கைக்கோள்கள். ஆயினும் கேள்வி மிகப் பழையது. அது எவ்வாறு வளர்ந்து வந்தது என்பதை நாம் நிற்கும் இந்த இடத்திலிருந்தே தொடங்கி ஆராயலாம்.

கோட்டைவாயிலுக்குத் தெற்கிலிருந்து வரும் பாதையை முதலில் நினைவுகொள்வோம். நாகர்கோவிற் பக்கத்திலிருந்து தக்கலை, குழித்துறை, பாறசாலை, நெய்யாற்றின்கரை, கரமனை என்னும் ஊர்களைத் தொட்டு வரும் பாதை அது. திருவிதாங்கூரின் தலைநகரம் முன்பு பத்மநாபபுரத்தில் இருந்தது. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் திருவனந்தபுரத்துக்கு மாறிற்று. இன்றும் நவராத்திரிக்கு முன்னர்ப் பத்மநாபபுரத்துச் சரசுவதியும், வேளிமலைக் குமாரசுவாமியும், சுசீந்திரத்து முன்னுதித்த நங்கையும் ஊர்வலமாகப் புறப்பட்டு, குழித்துறையிலும் நெய்யாற்றின்கரையிலும் இரவு தங்கி, கிழக்கேகோட்டையை வந்தடைகின்றனர். கன்னியாகுமரி மாவட்டத்தின் தமிழ் வட்டங்கள் 1956ஆம் ஆண்டு நவம்பர் 1ஆம் நாள் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. எல்லைக்கோடு மாறியது, இந்த நடை மாறவில்லை.

இப்பாதைக்கு அருகிலேயே நடக்கும் மற்றொரு வழிபாடு நம் கேள்வியோடு நேரே தொடர்புடையது. அது சிவாலய ஓட்டம். மாசி மாதச் சிவராத்திரியை ஒட்டி அடியார்கள் முஞ்சிறைத் திருமலைக் கோயிலில் தொடங்கி, திக்குறிச்சி, திற்பரப்பு, திருநந்திக்கரை, பொன்மனை, பன்னிப்பாகம், கல்குளம், மேலாங்கோடு, திருவிடைக்கோடு, திருவிதாங்கோடு, திருப்பன்றிக்கோடு என்னும் தலங்களை வணங்கி, பன்னிரண்டாவதாகத் திருநட்டாலத்தில் ஓட்டத்தை முடிக்கின்றனர். காவியுடையும் கையில் பனையோலை விசிறியும் கொண்டு, ‘கோவிந்தா, கோபாலா’ என்று முழங்கியவாறு இரவும் பகலும் ஓடுகின்றனர். சிவன் கோயில்களுக்குத் திருமாலின் பெயரைச் சொல்லி ஓடுவது ஏன் என்பதற்கு ஊரார் ஒரு கதை சொல்வர்.

தருமர் செய்த வேள்விக்கெனப் புருஷாமிருகத்தை நாடிப் பீமன் சென்றான். மனிதத் தலையும் விலங்கின் உடலும் உடைய அந்தப் பிறவி சிவபெருமானிடம் பேரன்பு கொண்டது. திருமாலின் பெயரைக் கேட்கப் பொறாதது. பீமன் அப்பெயரைக் கூவினான். அது சினந்து துரத்தியது. கண்ணன் பீமனுக்குப் பன்னிரண்டு உருத்திராக்கங்களைத் தந்திருந்தான். விலங்கு நெருங்கும்போது பீமன் ஒன்றைத் தரையில் வைப்பான். அது சிவலிங்கமாகும். விலங்கு நின்று வழிபடும். அதற்குள் பீமன் தப்பி ஓடுவான். பன்னிரண்டாம் முறை அது அவனைப் பற்றிக்கொண்டபோது, பீமனின் ஒரு கால் அதன் எல்லைக்கு உள்ளேயும் மற்றொரு கால் வெளியேயும் இருந்தன. எல்லையைக் கடந்துவிட்டேன் என்றான் பீமன். கடக்கவில்லை என்றது விலங்கு. வழக்குத் தருமரிடம் சென்றது. அவர் தம்பி என்று பாராமல், உள்ளே நின்ற பாதி உடல் புருஷாமிருகத்துக்கே உரியது என்று தீர்ப்பளித்தார்.

இதனைப் பக்திக் கதையாக மட்டுமே கேட்டுப் பழகியிருக்கிறோம். ஆயினும் இதன் நடுவே நிற்பது ஓட்டத்தைப் பற்றிய ஒரு வழக்கு. ஓடியவன் எல்லையைக் கடந்தானா இல்லையா என்பது அவ்வழக்கு. ஓடியவன் சொல் ஒன்று, துரத்தியவன் சொல் வேறொன்று. இரண்டுக்கும் நடுவே பக்கம் சாராத ஒருவர் வேண்டியிருந்தார். இன்று உலகின் மலைப்பாதைகளில் ஓடுவோர் தம் மணிக்கட்டில் அணியும் கருவி, அந்த நடுவரின் இடத்தை நிரப்பவே தோன்றியது.

நடுவர் கிடைத்தாலும் அளவுகோல் வேண்டும். சிவாலய ஓட்டத்தின் தொலைவு எவ்வளவு என்று கேட்டால், எண்பது கிலோமீட்டர் என்பாரும் உளர். நூறு என்பாரும், அதற்கு மேல் என்பாரும் உளர். நெடுஞ்சாலை வழியே செல்பவருக்கு ஓர் அளவு. வயல்வரப்பிலும் தோப்பிலும் குறுக்கே செல்பவருக்கு வேறோர் அளவு. நம் முன்னோர் தொலைவை வழங்கிய முறையே இதற்கு இடம் தந்தது. நாழிகை என்பது 24 நிமிடங்கள் கொண்ட காலப்பகுதி. அறுபது நாழிகை ஒரு நாள். நாழிகை வட்டிலில் நீரின் அளவைப் பார்த்து அதனைக் கணக்கிட்டனர். அந்த ஒரு நாழிகையில் நடந்து கடக்கும் தொலைவையும் ‘நாழிகை வழி’ என்றே அழைத்தனர். வழிப்போக்கனுக்கு அது மிகவும் பயன்பட்டது. சத்திரம் எத்தனை நாழிகை வழி என்று தெரிந்தால், பொழுது சாயுமுன் சேரலாமா என்பது விளங்கிவிடும். ஆனால் விரைவை அளக்க அது உதவாது. நடப்பவன் காலையே அளவுகோலாகக் கொண்டு அந்தக் காலின் விரைவை எவ்வாறு அளப்பது? தொலைவுக்குத் தனியே ஓர் அளவும், காலத்துக்குத் தனியே ஓர் அளவும் இருந்தால்தான் ஓட்டக்காரனின் விரைவு புலப்படும்.

விரைவைப் பற்றி முதலில் கவலைகொண்டவர்கள் அரசர்கள். செய்தி விரைந்து வரவேண்டும் என்பதே அவர்கள் கவலை. 14ஆம் நூற்றாண்டில் இந்தியாவுக்கு வந்த இபன் பதூதா, தில்லி சுல்தானின் கால்நடை அஞ்சலைக் கண்டு வியந்து எழுதினார். ஒரு மைலுக்கு மூன்று நிலைகள். ஓட்டக்காரன் ஒரு கையில் ஓலையும், மற்றொரு கையில் செம்பு மணிகள் கட்டிய கோலும் ஏந்தி ஓடுவான். மணியொலி கேட்டதும் அடுத்த நிலையில் உள்ளவன் ஆயத்தமாக நிற்பான். சிந்துவிலிருந்து தில்லி ஐம்பது நாள் பயணத் தொலைவு. செய்தியோ ஐந்தே நாளில் சென்றது என்கிறார் அவர். குதிரை அஞ்சலைவிட இது விரைவானது என்றும் குறித்துள்ளார்.

திருவிதாங்கூரில் இம்முறைக்கு அஞ்சல் என்று பெயர். இன்று தமிழில் தபாலுக்கு நாம் வழங்கும் சொல், அங்கே அரசுத் துறையின் பெயராகவே வழங்கியது. அஞ்சலோட்டக்காரன் தோளில் பையும் கையில் மணி கட்டிய கோலும் கொண்டு ஓடினான். மணியொலி கேட்டால் வழியில் செல்வோர் ஒதுங்கி நிற்க வேண்டும். பின்னாளில் சங்கு முத்திரை பொறித்த அஞ்சல்தலைகள் வந்தன. அவை 1888இல் முதலில் வெளியாயின. அஞ்சற் பெட்டிகளிலும் சங்கு இடம்பெற்றது. 1949இல் திருவிதாங்கூரும் கொச்சியும் இணைந்தபின் இரண்டின் அஞ்சலும் ஒன்றாயின; 1951ஆம் ஆண்டு ஏப்ரல் 1ஆம் நாள் அத்துறை இந்திய அஞ்சல் துறையோடு கலந்தது.

அஞ்சலோட்டக்காரனுக்குச் சாட்சிகள் மூன்று. முதற்சாட்சி பை. ஒரு நிலையில் புறப்பட்ட பை மறுநிலையில் சேர்ந்துவிட்டால், இடைவழியைக் கடந்தது உறுதி. இரண்டாம் சாட்சி நேரக்குறிப்பு. பை வந்த நேரத்தையும் கைமாறிய நேரத்தையும் எழுதிவைப்பது பழைய அஞ்சல் முறைகளின் வழக்கம். மூன்றாம் சாட்சி மணியொலி. வழிநெடுக வீட்டுத் திண்ணைகளில் இருந்தோர் அதைக் கேட்டனர். ஓட்டக்காரன் பிந்தினால் எந்த ஊருக்கும் எந்த ஊருக்கும் இடையில் பிந்தினான் என்பதைச் சொல்ல ஊராரே போதும். இடம், காலம், ஆள் என்னும் மூன்றையும் இம்மூன்று சாட்சிகளும் காத்தன. இம்மூன்றையும் நாம் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். பின்னால் வந்த கருவிகள் அனைத்தும் இவற்றுள் ஒன்றையோ இரண்டையோ திருத்தமாக்கியவையே.

தொலைவைத் திருத்தமாக்கும் பணி நம் பக்கத்தில் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நிகழ்ந்தது. 1802இல் சென்னையை அடுத்த பரங்கிமலையருகே ஓர் அடிக்கோட்டை அளந்து வில்லியம் லாம்ப்டன் தம் முக்கோண அளவைத் தொடங்கினார். ஒரு கோட்டை மட்டும் சங்கிலியால் அளந்து, பின்னர்க் கோணங்களை நோக்கியே தொலைவுகளைக் கணக்கிடும் முறை அது. மலையுச்சிகளும் கோபுரங்களும் முக்கோணங்களின் முனைகளாயின. 1816 முதல் 1820 வரை வார்டு, கானர் என்னும் இரு படையதிகாரிகள் திருவிதாங்கூர், கொச்சி நாடுகளை அளந்து படமும் விளக்கமும் எழுதினர். அதன்பின் ஓர் ஊருக்கும் மற்றோர் ஊருக்கும் உள்ள தொலைவு நடப்பவன் காலைச் சார்ந்ததாக இருக்கவில்லை.

காலத்தைத் திருத்தமாக்கும் பணி திருவனந்தபுரத்திலேயே நிகழ்ந்தது. 1829 முதல் 1846 வரை ஆண்ட சுவாதித் திருநாள் மகாராசா இசைக்குப் பெயர்பெற்றவர். வானியலிலும் நாட்டம் உடையவர். அவர் 1837இல் நகரின் குன்றொன்றின்மேல் வானாய்வுக்கூடம் நிறுவினார். ஜான் கால்டிகாட் என்னும் ஆங்கிலேயர் அதன் முதல் தலைவர். மேத்தன் மணியை அமைத்ததில் அவர் பங்கு பேசப்படுகிறது. அதைச் செய்த கைவினைஞர் வஞ்சியூர்க் குளத்தூக்காரன் என்று மரபு கூறுகிறது. கால்டிகாட்டுக்குப் பின் வந்த ஜான் ஆலன் பிரௌன், அகத்தியமலை உச்சியிலும் ஓர் ஆய்வுக்கூடம் எழுப்பினார். விண்மீன் உச்சி கடக்கும் நேரத்தைத் தொலைநோக்கியில் கண்டு, அதற்கேற்பக் கடிகாரத்தைத் திருத்துவது அக்கால வானாய்வுக்கூடங்களின் அன்றாடப் பணிகளுள் ஒன்று. ஆகவே கோயிற்குளத்தின் கரையில் கடாக்கள் முட்டும் விளையாட்டுக்குப் பின்னால் ஒரு பெரிய மாற்றம் இருந்தது. ஊருக்கெல்லாம் பொதுவான நேரம் ஒன்று தோன்றிவிட்டது.

இடத்துக்குப் படமும், காலத்துக்குக் கடிகாரமும் வந்தபின் சாட்சி முழுமை அடைந்ததா? விளையாட்டுலகம் இல்லை என்று காட்டியது. 1904ஆம் ஆண்டு அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் நடந்த ஒலிம்பிக் மாரத்தானில், பிரெட் லோர்ஸ் என்பவர் முதலில் வந்து சேர்ந்தார். பாதி வழியில் அவர் காரில் ஏறி வந்தது உடனே வெளிப்பட்டது. 1980இல் பாஸ்டன் மாரத்தானில் பெண்களுள் முதல்வராக ரோசி ரூயிஸ் அறிவிக்கப்பட்டார். வழியில் நின்ற கண்காணிப்பாளர் எவரும் அவரைக் கண்டதாகச் சொல்லவில்லை. சில நாட்களில் அவர் பெயர் நீக்கப்பட்டு, ஜாக்குலின் கரோ வெற்றியாளர் என்று அறிவிக்கப்பட்டார். பந்தயத்தின் தொடக்கத்திலும் முடிவிலும் திருத்தமான கடிகாரங்கள் இருந்தன. சாலையின் தொலைவும் அளக்கப்பட்டிருந்தது. குறைந்தது நடுவழியின் சாட்சி ஒன்றுதான்.

நகரத் தெருக்களிலேயே இந்த நிலை என்றால், மலைப்பாதைகளில் எவ்வாறு இருக்கும்? அங்கே பந்தய நாள் என்று ஒன்றில்லை. பார்வையாளர் இல்லை. ஓடுபவர் தமக்கு உகந்த நாளில் தனியே புறப்பட்டு, முன்பு ஓடியவரின் நேரத்தைக் குறைக்க முயல்கிறார். அமெரிக்காவின் கொலராடோ பகுதியைச் சேர்ந்த பீட்டர் பாக்வின், பஸ் பரல் என்னும் இரு ஓட்டக்காரர்கள், 2000ஆம் ஆண்டை ஒட்டி இத்தகைய நேரங்களைத் தொகுக்கத் தொடங்கினர். ‘அறியப்பட்ட மிகக் குறைந்த நேரம்’ என்று அதற்குப் பெயரிட்டனர். இப்பெயரின் அடக்கம் கருதத்தக்கது. உலகச் சாதனை என்று அவர்கள் உரிமை கொண்டாடவில்லை. நாம் அறிந்தவரையில் குறைந்த நேரம் இது என்று மட்டும் சொன்னார்கள். அறியாமல் ஓடிய இடையர்களும் வேடர்களும் அஞ்சற்காரர்களும் எத்தனையோ பேர் இருந்திருப்பர் அன்றோ?

தொடக்க நாட்களில் நேர்மையான சொல்லும், பயணக்குறிப்பும், சில நிழற்படங்களுமே சான்றாயின. இந்நிலையை மாற்றியது செயற்கைக்கோள் வழி இடங்காணும் முறை. ஜி.பி.எஸ். என்று நாம் அனைவரும் அறிந்த அமைப்பு அது. அமெரிக்கா அதன் முதற்கோளை 1978இல் ஏவியது. 1995இல் அமைப்பு முழுமையாக இயங்கத் தொடங்கியது. முதலில் பொதுமக்களுக்குக் கிடைத்த அலையில் வேண்டுமென்றே பிழை கலந்திருந்தனர். நூறு மீட்டர் வரை இடம் தவறும். 2000ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில் அந்தப் பிழையை நீக்கினர். அதன்பின் சில ஆண்டுகளில், ஓடுபவர் மணிக்கட்டில் கட்டிக்கொள்ளும் கருவிகள் கடைக்கு வந்தன.

இது இயங்கும் முறையைச் சுருங்கச் சொல்வோம். பூமிக்கு மேல் ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் குறைந்தது 24 செயற்கைக்கோள்கள் சுற்றுகின்றன. ஒவ்வொன்றிலும் அணுக்கடிகாரம் உண்டு. ‘நான் இன்ன இடத்தில் இருக்கிறேன், இப்போது நேரம் இது’ என்று ஒவ்வொரு கோளும் இடையறாது அறிவித்துக்கொண்டே இருக்கிறது. அலை வந்து சேர எடுத்துக்கொண்ட நேரத்தை ஒளியின் விரைவோடு பெருக்கினால் கோளின் தொலைவு கிடைக்கும். நான்கு கோள்களின் தொலைவு தெரிந்தால் நாம் நிற்கும் இடமும் நேரமும் தெரியும். ஒளி ஒரு விநாடியில் மூன்று இலட்சம் கிலோமீட்டர் செல்வது. ஆகவே கோளின் கடிகாரம் ஒரு விநாடியின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு தவறினாலும், தொலைவு 300 மீட்டர் தவறிவிடும். இங்கே இடத்தை அளப்பது காலமே. நாழிகையைக் கொண்டு வழியை அளந்த நம் முன்னோரின் எண்ணம் வேறோர் உருவில் திரும்பி வந்தது போலத் தோன்றுகிறது. ஒரு வேறுபாடு உண்டு. இப்போது அளவுகோலாக நிற்பது நடப்பவன் காலன்று. எவருக்காகவும் விரைவு மாறாத ஒளி.

இந்தக் கருவி சில விநாடிகளுக்கு ஒருமுறை ஓடுபவரின் இடத்தையும் நேரத்தையும் குறித்துவைக்கும். ஓட்டம் முடிந்ததும் புள்ளிகளை இணைத்தால் பாதை முழுவதும் தடமாகத் தெரியும். குறுக்குவழியில் சென்றிருந்தால் தடம் காட்டும். வண்டியில் ஏறியிருந்தால் விரைவு காட்டும். நடுவழியின் சாட்சி இவ்வாறு கிடைத்தது. வேறு சில கருவிகள், ஓடுபவர் இருக்கும் இடத்தை அவ்வப்போது செயற்கைக்கோள் வழியே அனுப்பிக்கொண்டிருக்கும். எங்கோ இருப்பவரும் அதைப் பார்த்துக்கொண்டிருக்கலாம்.

இதன் பயனை அமெரிக்காவின் அப்பலாச்சியன் மலைப்பாதையில் காணலாம். ஏறத்தாழ 3,500 கிலோமீட்டர் நீளமுள்ள பாதை அது. 2011இல் ஜெனிபர் பார் டேவிஸ் அதனை 46 நாள் 11 மணி நேரத்தில் கடந்தார். 2015இல் ஸ்காட் ஜூரெக் அந்த நேரத்தில் ஏறத்தாழ மூன்று மணியைக் குறைத்தார். 2018இல் பெல்ஜியம் நாட்டுப் பல் மருத்துவர் காரெல் சாபே 41 நாள் 7 மணியில் முடித்தார். 2024இல் தாரா டவர் என்னும் பெண்மணி 40 நாள் 18 மணியில் முடித்து அனைவரையும் முந்தினார். நாற்பது நாள் ஓட்டத்தில் வேறுபாடு அரை நாள் அளவே. காட்டில் ஒரே ஓர் இரவு ஐயத்துக்கு இடமானாலும் இந்த வேறுபாட்டுக்குப் பொருளில்லாமற் போகும்.

இனி, கருவியின் குறைகளையும் மறையாமல் சொல்ல வேண்டும். அடர்ந்த மரச்செறிவில் அலை தேய்கிறது. செங்குத்துப் பாறைகளில் மோதித் திரும்பி வரும் அலை, நேரே வந்த அலைபோல் ஏமாற்றுகிறது. நேராக ஓடியவர் வளைந்து வளைந்து ஓடியதாகத் தடம் காட்டும்; தொலைவு கூடிவிடும். மின்கலத்தைச் சேமிக்கப் புள்ளிகளை அரிதாகக் குறித்தால் வளைவுகள் வெட்டப்பட்டுத் தொலைவு குறைந்துவிடும். அகத்தியமலைக் காட்டில் ஒருவர் நடந்து பார்த்தாலும் இவ்விரு பிழைகளையும் காண்பார். ஆகவே இதில் தேர்ந்தவர்கள், கருவி சொல்லும் தொலைவைப் பெரிதாகக் கொள்வதில்லை. தடம் பாதையோடு பொருந்துகிறதா, நேரக்குறிப்பு இடையறாமல் இருக்கிறதா என்பவற்றையே பார்க்கிறார்கள்.

இவற்றினும் பெரிய குறை ஒன்றுண்டு. கருவி எங்கே சென்றது என்பதைச் செயற்கைக்கோள் அறியும்; அதை யார் சுமந்து சென்றார் என்பதை அறியாது. அஞ்சற்பை சேர்ந்ததை நிலைய அலுவலர் அறிவார். அதைச் சுமந்தவனை மணியொலி கேட்ட ஊரார்தாம் அறிவர். அதே நிலைமை இங்கும் உள்ளது. 2016இல் அமெரிக்காவைக் குறுக்கே ஓடிக் கடக்க முயன்ற ஒருவர்மீது ஐயம் எழுந்தது. அவருக்குப் பொருளுதவி செய்த நிறுவனமே இரண்டு ஆய்வாளர்களை அமர்த்தியது. அவர்கள் கடிகாரப் பதிவுகளில் காலடி எண்ணிக்கையை நோக்கினர். கடந்ததாகக் காட்டிய தொலைவுக்குக் காலடிகள் மிகக் குறைவாக இருந்தன. அத்தொலைவு முழுவதையும் அவர் ஓடிக் கடந்திருக்க முடியாது என்று அறிக்கை தந்தனர். அவர் அதை மறுத்தார். தடம் பொய் சொல்லாவிட்டாலும், தடத்தை வைத்துப் பொய் சொல்ல முடியும் என்ற அச்சம் அன்றுமுதல் வலுத்தது.

அதனால்தான் மலைப்பாதைக் குறைந்த நேரங்களைத் தொகுப்போர் தடத்தோடு நிற்பதில்லை. புறப்படுமுன் வெளிப்படையாக அறிவிக்கச் சொல்கிறார்கள். பிறர் உதவியோடு ஓடுகிறாரா, வழியில் கிடைப்பதைக் கொண்டு தாமே ஓடுகிறாரா, தொடக்கத்தில் சுமந்ததை மட்டும் கொண்டு ஓடுகிறாரா என்று மூன்று வகையாகப் பிரிக்கிறார்கள். ஓடிய அனுபவத்தை எழுதித் தரச் சொல்கிறார்கள். கின்னஸ் நிறுவனமும் நெடும்பயணச் சாதனைகளுக்குத் தடத்தோடு நாட்குறிப்பும் நேரில் கண்டோர் கையெழுத்தும் கேட்கிறது. இடத்துக்கும் காலத்துக்கும் வானத்தை நம்பினாலும், ஆளுக்கு இன்னும் ஆளையே நம்ப வேண்டியிருக்கிறது.

நம் நாட்டிலும் இத்தகைய ஓட்டம் நிகழ்ந்துள்ளது. ராஜஸ்தானத்து அஜ்மீரைச் சேர்ந்த சூபியா கான் 2019இல் சிறீநகரிலிருந்து கன்னியாகுமரி வரை 87 நாட்களில் ஓடினார். பின்னர்த் தில்லி, மும்பை, சென்னை, கொல்கத்தா நகரங்களை இணைக்கும் தங்க நாற்கரச் சாலையின் 6,002 கிலோமீட்டரை 110 நாள் 23 மணியில் ஓடி 2021இல் முடித்தார். இவ்விரண்டும் கின்னஸ் ஏட்டில் ஏறின.

இங்கே கிழக்கேகோட்டைக்குத் திரும்புவோம். இங்கிருந்து வடமேற்கே சில மைல் தொலைவில், கடற்கரையில் தும்பா இருக்கிறது. 1963ஆம் ஆண்டு நவம்பர் 21ஆம் நாள் இந்திய மண்ணிலிருந்து முதல் ஆய்வு ராக்கெட் எழுந்தது அங்கேதான். அங்கு வளர்ந்த விக்ரம் சாராபாய் விண்வெளி நடுவம், ஏவுகலங்களை வடிவமைக்கிறது. நாவிக் என்னும் இந்தியாவின் சொந்த இடங்காண் அமைப்புக்கான முதற்கோள் 2013ஆம் ஆண்டு சூலை 1ஆம் நாள் ஏவப்பட்டது. அந்தக் கோளில் வெளிநாட்டில் வாங்கிய அணுக்கடிகாரங்கள் மூன்றும் பின்னர்ப் பழுதுற்றன. கடிகாரம் பழுதானால் கோள் வானில் இருந்தும் இடங்காட்டப் பயன்படாது. 2023ஆம் ஆண்டு மே 29ஆம் நாள் ஏவிய கோளில் இந்தியாவிலேயே செய்த அணுக்கடிகாரம் வைக்கப்பட்டது. உள்ளூர்க் கைவினைஞர் செய்ததாகச் சொல்லும் மேத்தன் மணியைப் பார்த்து நிற்கும் நமக்கு, இந்தச் செய்தியின் அருமை எளிதில் விளங்கும். பிறர் கடிகாரத்தை நம்பி நிற்பவர்க்கு நேரமும் இடமும் பிறர் தருவனவாகவே இருக்கும்.

இவ்வரலாற்றில் நாம் சிறப்பாகக் கருத வேண்டியது ஒன்றுண்டு. அஞ்சலோட்டக்காரன் ஓடிய நேரம் தாளில் குறிக்கப்பட்டது. ஆனால் அக்குறிப்பு அவனுக்காக எழுதப்பட்டதன்று. பிந்தினால் அவனைக் கேட்பதற்காக எழுதப்பட்டது. அவன் விரைந்து ஓடிய நாளை எவரும் கொண்டாடவில்லை. அவன் பெயர் பொதுமக்கள் நினைவிலும் நிற்கவில்லை. சங்கு முத்திரை நிற்கிறது. அரசர் பெயர் நிற்கிறது. மணி கட்டிய கோல் காட்சிப் பொருளாக நிற்கிறது. இன்று மணிக்கட்டில் கருவி அணிந்து ஓடும் எளியவர், தம் சாட்சியைத் தாமே சுமந்து செல்கிறார். பெரிய இடத்துப் பிள்ளைக்கும் கூலிவேலை செய்பவர் பிள்ளைக்கும் செயற்கைக்கோள் ஒரே தடத்தைத்தான் வரையும். ஊர்விட்டு ஊர் வந்து, ‘நீ யார், உன்னை அறிந்தவர் யார்’ என்னும் கேள்விக்கு விடை சொல்லிச் சொல்லிப் பழகிய நமக்கு, ஒருவன் தன் உழைப்பின் சான்றைத் தன் கையிலேயே வைத்திருப்பது எத்தகைய வலிமை என்பதைப் பிறர் சொல்ல வேண்டுவதில்லை.

சிவாலய ஓட்டத்திலும் இப்போது மணிக்கட்டுக் கருவி அணிந்தவர் ஓடக்கூடும். அவர் தடத்தை வைத்துப் பன்னிரண்டு கோயில்களின் வழித்தொலைவு எண்பதா நூறா என்னும் பழைய ஐயத்தைத் தீர்க்கலாம். அது ஊர் வரலாற்றுக்கு நல்ல பணியாகும். யார் முந்தியவர் என்று கேட்பதற்கு மட்டும் அதனைக் கொள்ள வேண்டா. அந்த ஓட்டத்தில் ஒவ்வொரு கோயிலிலும் நீராடி, விசிறியால் இறைவனுக்கு வீசி, திருநீறு பெற்று, அடுத்த ஊருக்குப் புறப்படுவார்கள். வழியில் நின்று மோரும் பானகமும் தரும் ஊரார் அவர்களைக் காண்கிறார்கள். அவ்வோட்டத்துக்கு அந்தச் சாட்சி போதும்.